டிரைவர் பக்கக் கதவு

ஜூன் 2, ஞாயிறு

கார் வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. அண்ணி புதுசு வாங்கிவிட்டாள், பழையது எனக்கு. நீல நிறம். அண்ணன்தான் பிடிவாதமாக நின்று எனக்குக் கொடுக்க வைத்தானாம். அண்ணியே சொன்னாள். சொன்னபோது அவள் முகத்தில் பெரிய சந்தோஷம் ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும்? மூன்று வருஷத்துக்கு முன் இதே காரைத் தூணில் மோதியவள் நான், என்னிடமே கடைசியில் இது வந்து சேர்கிறது. அதுவும் அண்ணியுடைய அப்பா ஆசையாக வாங்கிக் கொடுத்த கார்.

நான் ஓட்டப் போவதில்லை. மகள் ஓட்டுவாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம், போன மாதம்தான் லைசென்ஸ் எடுத்தாள். என் லைசென்ஸ் பீரோவில் துணிக்கு அடியில் தூங்குகிறது, அது அங்கேயே தூங்கட்டும். கழுவுவது மட்டும் என் வேலை என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரியில் தினமும் நானூறு படுக்கை விரிப்பை வெளுத்துக் கொடுக்கும் சலவைப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. ஒரு காரைக் கழுவ மாட்டேனா?

சாவியோடு அண்ணன் ஒரு பாட்டிலும் கொடுத்தான். மெழுகு கலந்த கார் ஷாம்பு. "இதைத் தவிர வேற எதையும் போட்டுடாத. பாத்திரம் தேய்க்கிறது, துணி துவைக்கிறது, ஒண்ணும் கூடாது, பெயின்ட் போயிடும். வாராவாரம் இதுலதான் கழுவணும். தீந்தா சொல்லு, நானே வாங்கிட்டு வரேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சோப்பு வரைக்கும் யோசித்துக் கொடுக்கிறானே என்று.

இன்று முதல் முறை கழுவினேன். பளபளப்பு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கை வைத்தால் ஒரு பிசுபிசுப்பு. சாயங்காலத்துக்குள் தெருத் தூசி எல்லாம் ஒட்டிக்கொண்டது.

ஜூன் 5, புதன்

ஆஸ்பத்திரியில் பெரிய மேடம் கூப்பிட்டார். ஊருக்கு வெளியே புதுக் கிளை திறக்கிறார்கள். அங்கே சலவைப் பிரிவை முதலிலிருந்து அமைத்து நடத்த ஆள் வேண்டும். "நீங்கதான்னு முடிவு பண்ணிட்டோம். ஆனா காலை அஞ்சரைக்கு மெஷின் ஓடணும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. உங்களுக்கு லைசென்ஸ் இருக்குன்னு ஃபைல்ல பாத்தேனே?"

"இருக்கு மேடம். ஓட்டறது இல்ல."

"ஏன்?"

என்ன சொல்ல? ஒரு தரம் தூணில் மோதினேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இருபத்தைந்தாம் தேதிக்குள் பதில் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். இருபது வருஷமாக இந்த மாதிரி ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தேன். வந்தது, இப்படி வந்தது.

அந்த நாளை இதுவரை எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன். அண்ணன் வீட்டில் பயிற்சி. அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், நான் ரிவர்ஸ் எடுத்தேன். அவன் உட்கார்ந்திருந்த பக்கம், பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். கேட் தூண். பிரேக்கை அழுத்தி அப்படியே நிறுத்தினேன். "நீ இறங்கு. பாக்காத. நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி அவனே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துக்கொண்டு போனான். பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வண்டி வந்தது. "ரெண்டு கதவும் போச்சும்மா. நல்லவேளை, ஆளுக்கு ஒண்ணும் ஆகல" என்றான். அண்ணியிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல. இனிமே ஓட்டாத" என்றாள். ஓட்டவில்லை.

அந்த வருஷம் வீட்டு விசேஷத்தில் எல்லார் முன்னாலும் அண்ணன் எனக்குப் பேர் வைத்தான். 'தூண் அத்தை.' குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். நானும் சிரித்தேன்.

ஜூன் 8, சனி

சோப்பு ஆராய்ச்சி. மகள் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

வேலை செய்யும் இடத்திலிருந்து காரமா அமிலமா என்று நிறம் மாறிக் காட்டும் தாள் நாலைந்து கொண்டு வந்தேன். சமையலறை மேடையில் வரிசையாகக் கிண்ணங்கள். துணி சோப்புத் தூள்: தாள் கருநீலமாகிவிட்டது, கார் பக்கமே காட்டக் கூடாது. குளிக்கிற சோப்பு: அதுவும் காரம், காய்ந்தால் வெள்ளையாகப் படியும். தலைக்குப் போடும் ஷாம்பு: சாது, ஆனால் அந்த வாசனைக்குப் பூச்சி எல்லாம் காரில் வந்து உட்காரும். பாத்திரம் தேய்க்கும் திரவம்: காரம் அதிகம் இல்லை, ஆனால் எண்ணெய் என்று எது இருந்தாலும் விடாது. மெழுகையும் விடாது. கடையில் மெழுகு சேர்க்காத சாதா கார் ஷாம்பு ஒன்று வாங்கி வந்தேன். தாள் நிறம் மாறவே இல்லை. இனி இதுதான்.

ஆனால் அதற்கு முன்னால் பழைய மெழுகு போக வேண்டும். கஞ்சி ஏறிய துணிமேல் மறுபடி மறுபடி கஞ்சி போட்டால் மொடமொடவென்று ஆகித் தூசியைத்தான் பிடிக்கும். ஒரே ஒரு தரம் பாத்திரத் திரவம் போட்டு மொத்தத்தையும் எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு சாதா ஷாம்பு.

அண்ணன் கூடாது என்றான். அவனுக்குக் காரைத் தெரியும், எனக்குச் சோப்பைத் தெரியும்.

ஜூன் 9, ஞாயிறு

காலை வெயில் ஏறுவதற்குள் ஆரம்பித்தேன். நிழலில் வண்டி. இரண்டு வாளி, ஒன்று சோப்புக்கு, ஒன்று துணியை அலசுவதற்கு. முதலில் வெறும் தண்ணீர், மண் போக. பிறகு மேலிருந்து கீழே. ஆஸ்பத்திரியில் கழித்துவிட்ட வெள்ளைத் துண்டுகள், இதற்கென்றே எடுத்து வைத்தவை.

மேல் பக்கம், முன் பக்கம், அண்ணன் அன்று உட்கார்ந்திருந்த பக்கம் எல்லாம் முடித்தேன். துண்டில் சாதாரண அழுக்கு. டிரைவர் பக்கம் வந்தேன். முன் கதவு. அலசப் போனால் துண்டு நீலம்.

இன்னொரு துண்டு எடுத்தேன். அதுவும் நீலம். பின் கதவு, நீலம். மறுபடி சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்த் தேய்த்தேன். வெள்ளை. இந்தப் பக்கம், நீலம்.

புதுத் துணி எது வந்தாலும் ஓரத்தை வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்ப்பது எங்கள் பிரிவில் முதல் வேலை. சாயம் போகும் துணி எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன். காருக்குச் சாயம் போகுமா?

காய்ந்த பிறகு பார்த்தால், டிரைவர் பக்கம் இரண்டு கதவும் மங்கிப்போய், சாக்பீஸ் பூசின மாதிரி இருக்கின்றன. மற்ற பக்கம் எல்லாம் அப்படியே மினுக்குகிறது.

மகள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தப் பொம்மையைக் கொண்டு வந்தாள். அவளுக்கு எங்கேயோ கேள்விப்பட்ட ஞாபகம். அந்தப் பக்கக் கதவில் பொம்மை கப்பென்று ஒட்டியது. டிரைவர் பக்கக் கதவில் வழுக்கிக் கீழே விழுந்தது. மூன்று தரம் விழுந்தது.

"அம்மா, நீ தூண்ல இடிச்சது எந்தப் பக்கம்?"

வாளியைக் கவிழ்த்து வைத்தேன்.

ஜூன் 10, திங்கள்

சத்தம் அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கம்தான் வந்தது. எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பக்கம்தான்.

ஜூன் 12, புதன்

அரை நாள் லீவு போட்டு, மகளை ஓட்டச் சொல்லிப் பெயின்டரிடம் போனேன். அண்ணன் போகும் ஒர்க்‌ஷாப் இல்லை, வேறு. வயதான ஆள். விரல் மடக்கிக் கதவைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார்.

"டிரைவர் பக்கம் ரெண்டு கதவும் நசுங்கினதுல தடிமனா பட்டி பூசி அடிச்சது, காந்தம்கூட ஒட்டாது. கம்பெனி பெயின்ட்டுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு கோட் இருக்கும், கலர் துணியில வராது. இதுல அந்தக் கோட்டே அடிக்கல. சீக்கிரம் வேணும்னு யாரோ அவசரப்படுத்தியிருக்காங்க. மெழுகுதான் இத்தனை நாள் மானத்தைக் காப்பாத்தியிருக்கு. வாராவாரம் விடாம போட்டிருக்கணும்."

"அந்தப் பக்கம்?"

சுற்றி வந்து பார்த்தார். நானும் கூடவே. "இந்தப் பக்கம் கம்பெனியில இருந்து வந்தபடியே இருக்கு. யாரும் தொடல."

"பின்னால எங்கயாவது... தூண்ல பட்ட மாதிரி?"

குனிந்தார். பம்பர் ஓரத்தில், கீழே, என் கட்டைவிரல் அகலத்துக்கு வெள்ளையாக ஒரு தீற்றல். "இதைச் சொல்றீங்களா? இது அடியே இல்லம்மா. தூணோட வெள்ளை இதுல ஒட்டியிருக்கு."

ஒரு துணியில் ஏதோ தொட்டு நாலு தேய்ப்புத் தேய்த்தார். போய்விட்டது.

போய்விட்டது. அவ்வளவுதான். மூன்று வருஷம்.

அங்கேயே ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தார்.

ஜூன் 13, வியாழன்

வேறு ஏதாவது இருக்கும். அண்ணி இடித்திருப்பாள், அவளுக்காக அண்ணன் மறைத்திருப்பான். அல்லது ஒர்க்‌ஷாப்காரன் ஏமாற்றியிருப்பான். அல்லது அதற்குப் பிறகு எப்போதாவது நடந்து... அப்படியானால் என்னிடம் ஏன் அந்த பாட்டில்? ஏன் "வேற எதையும் போட்டுடாத"?

வெளியூரில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "மச்சான் அப்படி செய்வாரா? கேட்டுடு. மனசுல வெச்சுக்காத" என்றார். கேட்கத்தான் வேண்டும். கேட்காமல் இருக்கிறவரைக்கும் எனக்கு ஒரு அண்ணன் இருக்கிறான். அதுதான் தயக்கம்.

ஜூன் 16, ஞாயிறு

அண்ணனை வரச் சொன்னேன், வந்தான். கேட்டைத் திறந்ததும் காரைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"என்ன போட்டுக் கழுவின?"

முதல் கேள்வி அது. நலமா என்று இல்லை, வேறு எதுவும் இல்லை. அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கேட்க நினைத்ததை எல்லாம் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

"பாத்திரம் தேய்க்கிறது" என்றேன். "உக்காரு. சொல்லு."

சொன்னான். அன்று என்னை இறக்கிவிட்டுக் கிளம்பினானே, அடுத்த தெரு திரும்பும்போது போன் வந்ததாம். பேசிக்கொண்டே திருப்பியிருக்கிறான். நிறுத்தியிருந்த லாரியின் பின்பக்கம், காரின் டிரைவர் பக்கம் முழுவதையும் கிழித்துவிட்டது. போன் பேசிக்கொண்டு ஓட்டாதே என்று அண்ணி நூறு தரம் சொல்லியிருக்கிறாள். அதற்கு முந்தின வாரம்தான் அதற்காக அவளோடு பெரிய சண்டை.

"அவ அப்பா குடுத்த வண்டி. நான்னு தெரிஞ்சா வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டா. நீன்னா மன்னிச்சிடுவான்னு தோணிச்சு. மன்னிச்சாளே? அந்த ஒரு நாளைக்கு சொல்லிட்டேன். அப்புறம் எப்படி மாத்தி சொல்றதுன்னு தெரியல."

"நான் வந்து அண்ணிகிட்ட மன்னிப்புக் கேட்டேனே, நீ பக்கத்துல நின்னுட்டிருந்த."

தலையைக் குனிந்துகொண்டான்.

"தூண் அத்தைன்னு பேர் வெச்சியே? அதுவும் அண்ணிக்குப் பயந்தா?"

அதற்கு ஒன்று சொன்னான். அதை எழுதவே கை கூசுகிறது. "உனக்கு என்னம்மா ஆச்சு அதனால? நீ என்ன தினமும் ஓட்டறவளா? அதான் அந்த காரையே உனக்கு வாங்கிக் குடுத்துட்டேனே."

வாங்கிக் கொடுத்தானாம்! தன் பயத்தையே கொண்டுவந்து என் வாசலில் நிறுத்திவிட்டு அதைக் கழுவி மினுக்கி வைத்துக்கொள்ளச் சோப்பும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். இதை எனக்குச் செய்த உபகாரம் என்று வேறு நினைத்துக்கொண்டிருக்கிறான்.

"அண்ணிகிட்ட நீயே சொல்லு. ஒரு வாரம் டைம்" என்றேன். தலையாட்டினான். போகும்போது வழக்கம் போலத் தலையைத் தடவ வந்தான். நகர்ந்துவிட்டேன்.

ஜூன் 17, திங்கள்

அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவன். சைக்கிள் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவன். விழுந்தால் "நீ விழல, சைக்கிள்தான் விழுந்தது" என்பான். அவனா? அவன்தான்.

ஜூன் 19, புதன்

இன்று ஒரு விரிப்பில் கறை போகவில்லை என்று புதுப் பெண்ணிடம் கத்திவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்? மன்னிப்புக் கேட்டேன். உடனே, ஒரு நிமிஷத்தில். மன்னிப்புக் கேட்பது அவ்வளவு கஷ்டமான வேலையா?

மனம் பழையதை எல்லாம் கிளறுகிறது. மழையில் பஸ்ஸுக்கு நின்றது, மகளுக்குக் காய்ச்சலில் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்க் கெஞ்சியது, வீட்டுக்குள் யார் வண்டிச் சாவியை எடுத்தாலும் நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டது. எல்லாம் வீண். எனக்கு ஓட்டத் தெரிந்துதான் இருந்தது. அது அவனுக்கும் தெரியும். அதுதான் ஆறவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு, நான் ஒன்றும் செய்யவில்லை என்று அன்றே தெரியும்.

ஜூன் 22, சனி

வேலையிலிருந்து வந்தால் கேட்டில் ஒரு பை தொங்குகிறது. உள்ளே மெழுகு ஷாம்பு, இரண்டு பாட்டில். ஒரு சீட்டு: "இதைப் போட்டா பழையபடி ஆயிடும்."

அண்ணியிடம் சொல்லவில்லை என்று அர்த்தம். சொல்லப்போவதும் இல்லை.

பழையபடி ஆகிவிடுமாம்.

ஜூன் 23, ஞாயிறு

மகளைப் பக்கத்தில் உட்கார வைத்து நான் ஸ்டியரிங் பிடித்தேன். முதல் பத்து நிமிஷம் உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சை நிறுத்தாத பெண், அவளுக்கு எவ்வளவு பயம் இருந்திருக்கும்! கியர் இரண்டு தரம் உறுமியது. பிறகு கைக்குத் தானாகவே ஞாபகம் வந்துவிட்டது.

அண்ணன் வீடு. அதே கேட், அதே தூண். ரிவர்ஸ் எடுத்து உள்ளே விட்டேன், படவில்லை. டிரைவர் பக்கம் வீட்டு வாசலைப் பார்க்கிற மாதிரி நிறுத்தினேன். நடுப்பகல், நல்ல வெயில். அந்த வெளிச்சத்தில் இரண்டு நீலம் தெரியாவிட்டால் கண்ணில் கோளாறு என்று அர்த்தம்.

அண்ணி வெளியே வந்தாள். முதலில் நான் ஓட்டி வந்ததைப் பார்த்தாள். அப்புறம் கதவைப் பார்த்தாள். விரலால் தொட்டாள். விரலைப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் ஏன் இப்படி இருக்கு? நீ இடிச்சது அந்தப் பக்கம்னுதானே சொன்ன?"

"அண்ணனைக் கேளுங்க அண்ணி."

அவன் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தான். கையில் செய்தித்தாள். அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வாயைத் திறக்க எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. அதற்குள் வண்டியை எடுத்துவிட்டேன். அதைக் கேட்டு ரசிக்க நான் போகவில்லை.

ரசிக்கவும் முடியவில்லை. வழியில் ஓரமாக நிறுத்தி அழுதேன். மகள் ஏசிக் காற்றைக் கூட்டி வைத்தாள், வேறு என்ன செய்வது என்று தெரியாமல்.

ஜூன் 25, செவ்வாய்

பெரிய மேடத்திடம் சரி என்று சொன்னேன்.

ஜூன் 28, வெள்ளி

அண்ணி போன். "மூணு வருஷமா உன்கிட்ட முகம் குடுத்துப் பேசல நான்." அதற்கு மேல் பேச முடியாமல் வைத்துவிட்டாள். அவளும் ஏமாந்தவள்தான். எனக்குத்தான் இவ்வளவு நாள் அது தெரியவில்லை.

அண்ணன் பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஜூலை 8, திங்கள்

புதுக் கிளை. நாலே முக்காலுக்குக் கிளம்பினேன். ரோடு காலியாக இருந்தது. ஐந்தே காலுக்கு மெஷின் அறையில் நின்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

மகள் கேட்டாள்: "அம்மா, டிரைவர் பக்கம் பெயின்ட் அடிச்சுடலாமா? ரெண்டு கலரா நிக்குது, அசிங்கமா இருக்கு." வேண்டாம் என்றேன். இருக்கட்டும்.

வாளிகளை வைத்துக்கொண்டு ஆரம்பிக்கும்போது கேட் சத்தம். அண்ணன். இளைத்திருந்தான். கையில் பையும் பாட்டிலும் இல்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"எதுல கழுவறது?"

வாளியைக் காட்டினேன். மெழுகு இல்லாத சாதா ஷாம்பு, ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி. வெள்ளைத் துண்டு ஒன்றும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு நான் நின்ற பக்கமாகவே வந்தான்.

"இது நான் இடிச்ச பக்கம். இதை நான் பாத்துக்கிறேன்" என்றேன். "உன் பக்கம் அது."

போனான். நடுவில் கார். அவன் தலை மட்டும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது, குனிந்து நிமிர்ந்து. நான் என் பக்கம் கழுவினேன். ஒருமுறை, "கலர் வந்துட்டே இருக்கும்மா" என்றான். "வரும்" என்றேன்.

முடித்ததும் தண்ணீர் வாங்கிக் குடித்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தான். நான் குழாயைத் திறந்து வாளியை அலசப் போய்விட்டேன். கேட்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. எப்போது வரும் என்றும் தெரியவில்லை.

துண்டைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். முழுக்க நீலம். அதை நான் எடுக்கவில்லை, துவைக்கவும் போவதில்லை. காலையில் நாலு மணிக்கு எழுந்து வண்டி எடுக்க வேண்டும்.